முப்பத்து மூன்று அங்குலம் குறித்து அக்காவுக்கு

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்லும் நிலையில் நான் இல்லை. அங்கே நீயும் பாப்பாவும் மாப்பிள்ளையும், பாப்பாவுக்குப் பிறந்து நாற்பது நாளான இரட்டையர் இருவரும் சுகமாக இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

நம் மெத்தைக் கடையின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க முடிவொன்று சென்ற மாதம் ஏழாம் தேதி, நான்கு நாள் ஆலோசனைக்குப் பின், ஒருமனதாக எடுக்கப்பட்டது என்பதை முதற்கண் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். இதுவரை கதவுக்கு உள்ளே கிடந்த கால்மிதி இனிமேல் நிலைப்படியின் மேல், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடக்கும். வெளியே போட வேண்டும் என்பது அத்தானுக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்டதற்கு, "தோணுச்சு மச்சான், அவ்வளவுதான்" என்றார். நான் அப்படித் தோன்றியதைச் சொல்லும் ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வந்த நூற்றுப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கவனித்துக் குறிப்பெடுத்தேன். அறுபத்தொரு சதவீதம் பேர் உள்ளே வந்த பிறகே தங்கள் காலைப் பற்றி நினைக்கிறார்கள். ஆகவே உள்ளே என்றேன். அவர் வெளியே என்றார். ஒப்பந்தத்தின் மூன்றாம் விதிப்படி நடுவில் போட்டோம். அன்றிலிருந்து கடைக் கதவு மூடுவதில்லை. இரவில் ஒரு கட்டிலை முட்டுக் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போகிறோம்.

எந்த ஒப்பந்தம் என்று நீ கேட்பாய். நீ ரயில் ஏறும்போது என்ன சொன்னாய்? பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ கணக்கை மட்டும் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காதே. அவர் மனசுல பட்டதை மட்டும் கேட்டு ஆடாதே. ரெண்டு பேரும் கலந்து பேசி முடிவு பண்ணுங்க. சும்மா சும்மா எனக்குப் போன் பண்ணாதீங்க, குழந்தைங்க முழிச்சுக்கும்" என்றாய். பதினேழு வருஷம் தனி ஆளாக நீ கட்டி வளர்த்த கடையின் சாவியை, இந்த வயதில், முதல் முறையாக என்னை நம்பிக் கொடுத்தாய். சின்ன வயதில் மிட்டாய் டப்பாவின் சாவியைக்கூட நீ என்னிடம் கொடுத்ததில்லை. நான் அன்றே முடிவு செய்தேன்: ஆறு மாதம் கழித்து நீ திரும்பி வரும்போது இந்தக் கடை உன் கையில் கடையாகவே வந்து சேர வேண்டும். அதற்குப் பிறகு நான் என் வீட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனாலும் நிம்மதியாகப் போவேன். இந்தக் கடிதத்தை இப்போது எந்த மனநிலையில் எழுதுகிறேன் என்பதைப் புரிந்துகொள்வதற்காக இதைச் சொல்கிறேன்.

கலந்து முடிவெடுப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள நூலகத்துக்குப் போய் மூன்று புத்தகம் எடுத்து வந்தேன். முதல் புத்தகம், வியாபாரி உள்ளுணர்வை நம்ப வேண்டும் என்கிறது. அதை எண்பது பக்கப் புள்ளிவிவரத்தால் நிரூபிக்கிறது. இரண்டாவது, தரவைத் தவிர எதையும் நம்பாதே என்கிறது. இந்த உண்மை ஆசிரியருக்கு ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று பளிச்சிட்டதாம். மூன்றாவது, இரண்டுக்கும் சமநிலை வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தச் சமநிலை எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் முடிந்துவிடுகிறது. புள்ளிவிவரத் துறையில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா? நானே ஒரு தாளில் ஐந்து விதிகள் எழுதி அத்தானிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் மனதுக்குப் பட்டதை அவர் சொல்வார். என் கணக்கு சொல்வதை நான் சொல்வேன். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்போம். அத்தான் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். படித்துப் பாருங்கள் என்றதற்கு, "நல்ல தாளாத்தான் தெரியுது" என்றார்.

ஒப்பந்தம் நன்றாகவே வேலை செய்தது என்று சொல்ல ஆசைதான். கடையை எட்டு மணிக்குத் திறக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. பத்து மணிக்கு முன் ஒரு ஈ காக்கைகூட வருவதில்லை என்று உன் ரசீதுகளிலிருந்து எடுத்துக் காட்டினேன். ஒன்பதுக்குத் திறந்தோம். வேலைக்குப் போகிற வழியில் எட்டரைக்கு எட்டிப் பார்க்கிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள், பத்துக்கு வருகிறவர்கள் எப்போதும்போல் பத்துக்கு வந்தார்கள், இடையில் நானும் அத்தானும் ஒரு மணி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவருக்கு முதுகுவலி, பலகை மாதிரி கெட்டியாக வேண்டும். அந்த அம்மாவுக்குப் பஞ்சு மாதிரி வேண்டும். நான் நம் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டி, நடுத்தரமான மெத்தை ஒன்றைச் சிபாரிசு செய்தேன். அந்த அம்மா, "ரெண்டு பேருமே தூங்காம இருக்கறதுக்கு எதுக்குங்க காசு குடுக்கணும்? அதைச் சும்மாவே பண்ணிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அத்தானின் வழியும் என் வழியும் ஒத்துப்போயின. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அத்தானுக்கு உள்ளுணர்வு நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ வருவதில்லை, படுத்தால்தான் வரும். அதற்காகக் கடை முன்ஜன்னலில் பார்வைக்குப் போட்டிருக்கும் மெத்தையில் ஏறிப் படுத்து, போர்வையைத் தலை வரை இழுத்துவிட்டுக்கொள்வார். இது கடையின் கௌரவத்துக்கு இழுக்கு என்று நிரூபிப்பதற்காகவே நான் பதினான்கு நாள் பட்டியல் போட்டேன். அவர் ஜன்னலில் தூங்கிய ஏழு நாளில் பதினொரு மெத்தை விற்றிருக்கிறது. விழித்திருந்து வாடிக்கையாளரிடம் பேசிய ஏழு நாளில் இரண்டு. எண்கள் முகதாட்சண்யம் பார்ப்பதில்லை. வியாபார நேரத்தில் அத்தான் தூங்கியே ஆக வேண்டும் என்பதை மனம் கசந்து அவரிடம் சொன்னேன். "எனக்கு அப்பவே தோணுச்சு மச்சான்" என்றார். ஆகவே தினமும் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை அவர் ஜன்னலில் இருக்கிறார். இடி விழுந்தாலும் எழுவதில்லை. விலை அட்டையை அவர் காலருகே வைத்திருக்கிறேன். போன வாரம் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இது ரெண்டும் சேர்த்தா?" என்று கேட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி, முடிந்தால் குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் படி. கல்லூரி விடுதி வார்டன் உன்னைத் தேடி வந்தார். இருநூறு மெத்தை, நான்கு அங்குலக் கனம், ஒற்றைக் கட்டிலுக்கு, மாணவர்கள் விடுமுறை முடிந்து திரும்புவதற்குள் வேண்டும். சரியாகச் செய்து கொடுத்தால் மற்ற மூன்று விடுதிகளுக்கும் நம்மிடமே வாங்குவதாகச் சொன்னார். பிசகினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். "கட்டில் வழக்கமான அளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அகலம் எவ்வளவு என்று ஆலோசனை நடந்தது. நான் உன் ஐந்து வருஷ ரசீதுப் புத்தகங்களைப் பிரித்து, ஒற்றைக் கட்டிலுக்குப் போன மெத்தைகள் ஐந்நூற்றுச் சொச்சத்தின் அகலத்துக்கும் சராசரி எடுத்தேன். முப்பத்தாறு அங்குலம், கொஞ்சமும் பிசிறில்லாமல். அத்தான் ஜன்னலில் படுத்துக் கண்ணை மூடி, இரண்டு கையையும் மெதுவாக விரித்து, ஓரிடத்தில் நிறுத்தி, "முப்பது" என்றார். காரணம் கேட்டேன். "படிக்கிற பசங்க. ஒல்லியாத்தான் இருப்பாங்க" என்றார். 

அப்போது பின்கட்டிலிருந்து தையலம்மா எட்டிப் பார்த்தார். உன் கடையில் பன்னிரண்டு வருஷமாக மெத்தை உறை தைப்பவர், வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் நிர்வாகம் என்றால் என்னவென்று தெரியாதவர். "நாலு தெரு தள்ளித்தானே இருக்கு விடுதி. நான் வேணா ஒரு நடை போய்க் கட்டிலை அளந்துட்டு வரட்டுமா?" என்றார். 

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். ஒப்பந்தம் போட்ட பிறகு நாங்கள் ஒன்றாகச் செய்த இரண்டாவது காரியம் அது. "அளந்து பார்த்துச் சொல்றதுக்கு நான் எதுக்கு? உள்ளுணர்வு எதுக்கு?" என்று அத்தான் கேட்டார். நான் அந்த அம்மாவுக்குப் புரியும்படி நிதானமாக விளக்கினேன்: ஐந்நூறு மெத்தையின் சராசரி கையில் இருக்கும்போது, போயும் போயும் ஒரு கட்டிலை அளந்து அதன்பேரில் முடிவெடுப்பது ஆய்வுமுறைக்கே அவமானம். அந்த ஒரு கட்டில் விதிவிலக்காக இருந்துவிட்டால்? "அங்க இருக்கற கட்டில் எல்லாம் ஒண்ணு போலத்தான் சார் இருக்கும்" என்றார். இது நிர்வாக முடிவு, நீங்கள் தலையிட வேண்டாம் என்றேன். "சரி" என்றார். அவர் "சரி" என்று சொல்லும் விதம் எனக்குப் பிடிப்பதில்லை அக்கா. உன்னிடம் கற்றுக்கொண்டிருக்கிறார். 

முப்பத்தாறும் முப்பதும் அறுபத்தாறு. அதில் பாதி முப்பத்து மூன்று. சீட்டில் எழுதித் தையலம்மாவிடம் கொடுத்து, மெத்தைக்குள் வைக்கும் நார்ப்பலகைக்குத் தொழிற்சாலையில் சொல்லி அனுப்பச் சொன்னேன். பலகை வந்தது. அவர் ஐந்து பெண்களைக் கூட்டி வந்து மூன்று வாரத்தில் இருநூறையும் தைத்து அடுக்கிவிட்டார். துணி மட்டும் என் கணக்கைவிடப் பதினெட்டு சதவீதம் கூடுதலாகச் செலவாயிற்று. தையல் விரயம் என்று எழுதிக்கொண்டேன். கடைக்குள் நீளவாக்கில் இரண்டு வரிசையாக, கூரையைத் தொடுகிற மாதிரி அடுக்கியிருக்கிறது. என் கணக்குப்படி இரண்டு வரிசைக்கும் நடுவே ஒன்றரை அடி நடைவழி மிஞ்சியிருக்க வேண்டும். அரையடிதான் இருக்கிறது. அத்தான் மேற்பார்வையில் அடுக்கிய லட்சணம் அது. கல்லாவுக்குப் போக நான் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டியிருக்கிறது. போன புதன்கிழமை சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் அங்கேயே நின்றேன். 

இன்று காலை, திங்கட்கிழமை, வார்டன் போன் செய்தார். சனிக்கிழமை லாரி அனுப்புவதாகச் சொன்னார். பிறகு, "கட்டில் அகலம் முப்பத்தொன்பது அங்குலம்னு உங்களுக்குத் தெரியும்ல சார்? சும்மா ஞாபகப்படுத்தலாம்னுதான்" என்றார். 

"தெரியுமே" என்றேன். அந்த நொடியில் தெரிந்துவிட்டது என்பதால் அது பொய்யில்லை. 

முப்பத்தொன்பது, அக்கா. முப்பதிலும் சேர்த்தியில்லை, முப்பத்தாறிலும் சேர்த்தியில்லை. என் அறிவும் அவர் உணர்வும் இரண்டு பக்கமும் நின்று வலை விரித்திருக்கிறோம், கட்டில் வேறு தெருவழியாகப் போயிருக்கிறது. போனை வைத்துவிட்டு ஓடிப்போய் அத்தானை உலுக்கினேன். நல்லவேளை, மணி பதினொன்று ஆகியிருக்கவில்லை.

"அத்தான், கட்டில் முப்பத்தொன்பதாம்!"

"யார் சொன்னா?"

"வார்டன்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"அளந்திருக்கார்."

"அளந்தா யாருக்குத்தான் தெரியாது" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் விடவில்லை. ஒவ்வொரு மாணவனுக்கும் ஆறு அங்குலம் வெறும் பலகை தெரியும், இருநூறு மாணவர்கள், மொத்தம் நூறு அடிப் பலகை, இதற்குப் பதில் சொல்லுங்கள் என்றேன். "பசங்க அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க மச்சான். அந்த இடத்துல புஸ்தகம் வச்சுக்கட்டும். படிப்பாவது வரும்" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பொறுப்புள்ள மனுஷன் பேசுகிற பேச்சா இது? "உங்க மனசுல பட்டதை நம்பித்தானே இந்த நிலைமை? நீங்க முப்பதுன்னு சொல்லாம இருந்தா நான் முப்பத்தாறுல நின்னிருப்பேன், மூணு அங்குலத்தோட போயிருக்கும்" என்றேன். அவர் போர்வைக்குள்ளிருந்தே, "நீ முப்பத்தாறுன்னு சொல்லாம இருந்தா நான் நாப்பதுன்னு சொல்லியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்ததும்தான் குறைச்சுச் சொல்லணும்னு தோணுச்சு" என்றார். அப்புறம் குறட்டை. அக்கா, நீ இந்த மனுஷனோடு முப்பத்தைந்து வருஷம் எப்படித்தான் குடித்தனம் பண்ணினாய்? அதற்கு ஏதாவது முறை இருந்தால் எழுது, படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

தையலம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பின்கட்டில் மிஷின் சத்தத்தில் போன் பேசியது அவர் காதில் விழவில்லை. மூன்று வாரம் கண் பூத்துப்போகத் தைத்த இருநூறும் எந்தக் கட்டிலுக்கும் சேராது என்று தெரிந்தால் மனசு உடைந்துவிடும். காலையில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன சார், முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார். வெயில் என்றேன். வெளியே மேகமூட்டம். அவர் "சரி" என்றார்.

ஆகவே உன் தாள் பணிந்து கேட்டுக்கொள்வது என்னவென்றால்: பாப்பாவையும் குழந்தைகளையும் அந்த நிலையில் விட்டுவிட்டு வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். இந்தக் கடிதம் புதன்கிழமை உன் கையில் கிடைக்கும். அன்றே வண்டி ஏறினால் வெள்ளிக்கிழமை வந்துவிடலாம். சனிக்கிழமை லாரி வரும்போது வாசலில் நீ நின்றால்தான் வார்டனிடம் பேச முடியும். நான் பேசினால் சராசரியைப் பற்றிப் பேசுவேன். அத்தான் பேசினால் என்ன பேசுவார் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. வந்ததும் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடு. எங்கள் இருவரில் ஒருவரைக் கடையை விட்டு அனுப்பு. யாரை என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். தரவுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். உன் பதினேழு வருஷ உழைப்பை நான் இரண்டால் வகுத்துவிட்டேன் என்ற எண்ணம் வந்து உட்கார்ந்திருப்பதால் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. மிட்டாய் டப்பா விஷயத்தில் நீ செய்ததுதான் சரி.

பாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல். இரட்டையர் இருவரும் நூறு வயது வாழட்டும். ஆளுக்கு நூறு, சராசரியில் அல்ல. அத்தான் தூங்குவதால் அவருடைய விசாரிப்பையும் நானே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

உன் நம்பிக்கைக்குப் பாத்திரமாக இருக்க முயன்ற,
தம்பி

பின்குறிப்பு: தபால்தலை வாங்கக் கடையை அத்தான் பொறுப்பில் விட்டுவிட்டு இரண்டு மணிக்குப் போனேன். தபால் நிலையத்தில் நீண்ட வரிசை. திரும்பி வரும்போது மணி மூன்றே முக்கால். கடைக்குள் நட்ட நடுவில் நேராக, இரண்டு கையையும் வீசி நடக்க முடிந்தது. ஒரு மெத்தை இல்லை.

தையலம்மாவைக் கேட்டேன். லாரி இன்றைக்கே கிடைத்துவிட்டதாம், வார்டன் அனுப்பிவிட்டாராம். "ஏத்தி அனுப்பிட்டேன் சார். நீங்க வர்ற வரைக்கும் நிக்க மாட்டேன்னுட்டாங்க. கதவு மூடாம இருந்தது நல்லதாப் போச்சு, தடையில்லாமத் தூக்கிட்டுப் போனாங்க" என்றார். எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. அகலம் போதாதே அம்மா, கட்டில் முப்பத்தொன்பதாமே என்றேன். "ஆமா, முப்பத்தொன்பதுதான். நீங்க சீட்டுக் குடுத்த அன்னிக்கே வீட்டுக்குப் போற வழியில அளந்துட்டேனே. அந்த அளவுக்குத்தான் பலகை சொல்லி அனுப்பினேன்" என்றார். மூன்று வாரமாக என் விலாவில் உரசிக்கொண்டிருந்த மெத்தைகள் எல்லாமே முப்பத்தொன்பது அங்குலம். நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களும் அளந்து பார்த்திருப்பீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார்.

என் கணக்கு தவறவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். மெத்தைகள்தான் அதைப் பின்பற்றவில்லை.

ஆகவே நீ வர வேண்டாம். பாப்பாவுடன் இரு. வார்டன் போனில் நன்றி சொன்னார். மற்ற மூன்று விடுதிக்கும் வந்து கட்டிலை அளந்துகொள்ளச் சொன்னார், தையலம்மா நாளைக்குப் போகிறார். ஒப்பந்தத்தைக் கிழிக்க அவசரமில்லை. மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன். உறையில் தபால்தலை ஒட்டியாகிவிட்டது.

ஒரு சின்ன வித்தியாசம் மட்டும் இருக்கிறது. தையலம்மா உள்ளே நின்று இருநூறு வரை எண்ணிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாராம். அதன் பிறகு சுமைக்காரர்கள் ஜன்னலில் கிடந்ததையும் ஏற்றியிருக்கிறார்கள்; அது மட்டும் கனம் அதிகம் என்று முணுமுணுத்தார்களாம். விடுதியின் ரசீதில் இருநூற்றொன்று என்று இருக்கிறது. மணி இப்போது ஐந்தரை. அத்தானின் செருப்பு கால்மிதியின் மேல் இருக்கிறது.